305 − 128: தவறான விடைகளை வைத்து ஓர் ஆண்டைத் திரும்பிப் பார்த்தல்

விழுப்புரம் மாவட்டத்தில் மயிலம் பகுதியைச் சேர்ந்த ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில், 2024–25 கல்வியாண்டில் நான்காம், ஐந்தாம் வகுப்புகளை ஒரே அறையில் வைத்துக் கணக்கு நடத்தியபோது சேர்ந்த பதிவுகளைக் கொண்டு இந்த ஆய்வை எழுதுகிறேன். ஆண்டின் எல்லாப் பாடங்களையும் மதிப்பிட இதில் முற்படவில்லை. கழித்தல் என்ற ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு, பிள்ளைகளின் தவறான விடைகள் எப்படி உருவாயின, மதிப்பெண் பட்டியல் அவற்றை ஏன் காட்டவில்லை, அவற்றை வகை பிரித்துப் பார்த்த பிறகு வரும் ஆண்டின் வகுப்பறை ஏற்பாடுகளில் எவை மாற வேண்டியிருக்கின்றன என்பதோடு நின்றுகொள்கிறேன்.

கழித்தலைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. இடமதிப்பு ஒரு பிள்ளைக்கு உண்மையிலேயே விளங்கியிருக்கிறதா என்பது மறைக்க முடியாமல் வெளிப்படும் இடம் கடன் வாங்கிக் கழித்தல்தான். கூட்டலில் அரைகுறைப் புரிதலோடும் சமாளித்துவிடலாம். பெருக்கலை வாய்ப்பாட்டு மனப்பாடம் ஓரளவு தாங்கிவிடும். கழித்தலில் அந்த வசதி இல்லை. ஊரகப் பகுதிகளில் வீடு வீடாகச் சென்று எடுக்கப்படும் ஏசர் ஆய்விலும் இரண்டிலக்கக் கடன் வாங்கிக் கழித்தல் ஒரு படிநிலையாக வைக்கப்பட்டிருக்கிறது. மூன்றாம் வகுப்பில் அதைச் செய்ய முடிந்த பிள்ளைகள் இந்திய அளவில் 2022இல் 25.9 விழுக்காடாகவும் 2024இல் 33.7 விழுக்காடாகவும் இருந்தார்கள். முன்னேற்றம்தான், ஆனாலும் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குப் பிள்ளைகள் இந்தக் கணக்கு வராத நிலையிலேயே நான்காம் வகுப்பு ஆசிரியரிடம் வந்து சேர்கிறார்கள் என்பதையும் அதே எண் சொல்கிறது. நான்காம் வகுப்புப் பாடநூலோ அதற்குள் நான்கு இலக்க எண்களுக்குப் போய்விட்டிருக்கும்.

வகுப்பின் அமைப்பு

எங்களுடையது ஈராசிரியர் பள்ளி. முதல் மூன்று வகுப்புகளைத் தலைமையாசிரியர் பார்த்துக்கொள்ள, மற்ற இரண்டும் என் பொறுப்பில் இருந்தன. இரண்டு வகுப்பும் சேர்ந்து முப்பதுக்குச் சற்றுக் குறைவான பிள்ளைகள். பெற்றோரில் பெரும்பாலோர் விவசாயக் கூலிகள். சில குடும்பங்கள் பொங்கல் கழிந்ததும் செங்கல் சூளைக்கோ கரும்பு வெட்டுக்கோ போய்விட்டு, மழைக்காலத்துக்கு முன்பு ஊர் திரும்புபவை. காலை உணவுத் திட்டம் வந்த பிறகு பிள்ளைகள் மணி அடிப்பதற்கு வெகு முன்பே பள்ளிக்கு வந்துவிடுகிறார்கள் என்பதால், கணக்கை முதல் பாடவேளையில் வைத்துக்கொள்வது இயல்பாகவே அமைந்தது.

2022 ஜூனில் திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கத்தில் தொடங்கப்பட்ட, அடிப்படை எழுத்தறிவுக்கும் எண்ணறிவுக்குமான தமிழக அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் 2023–24இல் நான்காம், ஐந்தாம் வகுப்புகளுக்கும் நீட்டிக்கப்பட்டது. அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துக் கற்பிப்பது அதன் அடிப்படை. பல வகுப்புகளை ஒன்றாக வைத்து நடத்தும் ஆசிரியருக்கு இந்தப் பிரிப்பு பெரிய உதவி என்பதில் எனக்கு ஐயமில்லை. வகுப்பு எண்ணைக் கொண்டு பிள்ளையை அளக்காமல், பிள்ளை நிற்கும் இடத்திலிருந்து தொடங்க அது அனுமதி தருகிறது. ஆனால் நிலை என்பது பிள்ளை எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்பதைச் சொல்லுமே தவிர, அங்கே ஏன் நின்றுவிட்டது என்பதைச் சொல்லாது. இந்த ஆய்வு தொடங்குவது அந்த இடைவெளியில்தான்.

பட்டியல் காட்டாதது

கோடையின் கடுமையால் அந்த ஆண்டு பள்ளிகள் ஜூன் 10ஆம் தேதிதான் திறந்தன. முதல் பருவம் முழுவதும் கழித்தல் வழக்கமான முறையில் நடந்தது: கரும்பலகையில் மாதிரிக் கணக்கு, பக்கத்து இடத்தில் கடன் வாங்கும் படிகள், பயிற்சி நூலில் பக்கம் பக்கமாகக் கணக்குகள், திருத்தம், மீண்டும் கணக்குகள். பாடம் நடக்கும்போதே எடுக்கும் வளரறி மதிப்பீடுகளின் முடிவு, மதிப்பெண் பதியும் கைபேசிச் செயலியில் ஏறியது. பருவ முடிவில் கைக்கு வந்த பட்டியலில் பிள்ளைகள் மதிப்பெண் வரிசையில் நின்றார்கள். கீழே நின்றவர்களுக்கு மெல்லக் கற்போர் என்று பெயர். அவர்களுக்குத் தரப்பட்டது அதே வகைக் கணக்குகள் இன்னும் கொஞ்சம் கூடுதலாக. மாநிலத்தில் எந்தத் தொடக்கப் பள்ளிக்குப் போனாலும் இதைப் போன்ற ஓர் ஏற்பாட்டைப் பார்க்கலாம். குறை சொல்வதற்காக இதைக் குறிப்பிடவில்லை. ஒரு விடை சரியா தவறா என்று மட்டும் பதிவு செய்யும் முறையில் இதற்கு மேல் எதுவும் செய்ய முடியாது என்பதற்காகவே குறிப்பிடுகிறேன்.

நவம்பர் 30ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, மயிலத்தில் 24 மணி நேரத்தில் 51 செ.மீ. மழை பதிவாயிற்று. ஊரின் தாழ்வான தெருக்களில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தது. பள்ளிகளுக்குத் தொடர் விடுமுறை விடப்பட்டது. பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் அரையாண்டுத் தேர்வுகளும் ஜனவரிக்குத் தள்ளிப் போயின. பள்ளி மீண்டும் ஒழுங்காக நடக்கத் தொடங்கியபோது பல பிள்ளைகளிடம் கணக்கு நோட்டே இல்லை. எதிலிருந்து தொடங்குவது என்று முடிவு செய்ய, ஆளுக்கு ஒரு வெள்ளைத் தாள் கொடுத்து ஒரே ஒரு கணக்கை எழுதச் சொன்னேன்: 305 − 128. தாளின் பாதிக்கு மேல் செய்முறைக்கு வெற்றிடம். ரப்பரால் அழிக்கக் கூடாது என்பது மட்டும் நிபந்தனை.

ஒரே கணக்கு, நான்கு விடைகள்

சரியான விடை 177. வந்து சேர்ந்த தவறான விடைகளோ கண்டபடி சிதறியிருக்கவில்லை. பெரும்பாலானவை 223, 127, 187 என்ற மூன்று எண்களில் குவிந்திருந்தன. மூன்றுக்கும் பட்டியலில் ஒரே சுழியம்தான். ஆனால் அவற்றின் பின்னால் மூன்று வெவ்வேறு பிள்ளைகள் இருக்கிறார்கள்.

223 என்று எழுதிய பிள்ளை ஒவ்வோர் இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சிறிய இலக்கத்தைக் கழித்திருக்கிறது. எட்டில் ஐந்து போனால் மூன்று. இரண்டில் பூச்சியம் போனால் இரண்டு. மூன்றில் ஒன்று போனால் இரண்டு. மேலே இருப்பது எது, கீழே இருப்பது எது என்பது அதற்குப் பொருட்டே இல்லை. இந்தப் பிள்ளை 305 என்பதை ஒரே எண்ணாகப் பார்க்கவில்லை; அருகருகே நிற்கும் மூன்று தனி இலக்கங்களாகப் பார்க்கிறது. கீழ் வகுப்புகளில் ‘பெரிய எண்ணிலிருந்துதான் சின்ன எண்ணைக் கழிக்க வேண்டும்’ என்று நாம் திரும்பத் திரும்பச் சொல்லும் வாக்கியத்தை அது இலக்கங்களுக்குப் பொருத்திக்கொண்டுவிட்டது. ஒரு வகையில், சொன்னதைத் தவறாமல் கேட்ட பிள்ளை இது.

127 என்று எழுதிய பிள்ளைக்குக் கடன் வாங்கத் தெரியும். ஆனால் பத்துகளின் இடத்தில் பூச்சியம் இருப்பதால் அங்கே எதுவும் கிடைக்காது என்று அதைத் தாண்டி நூறுகளுக்குப் போய் ஒன்றை எடுத்து நேரே ஒன்றுகளுக்குக் கொடுத்துவிட்டது. பதினைந்தில் எட்டு போக ஏழு. அடுத்து பத்துகளில் பூச்சியத்திலிருந்து இரண்டைக் கழிக்க வேண்டியபோது, ஒன்றுமில்லாத இடத்தில் இருக்கிற எண்ணையே எழுதிவிடலாம் என்று இரண்டை எழுதிவிட்டது. நூறுகளில் இரண்டிலிருந்து ஒன்று போக ஒன்று.

187 என்று எழுதிய பிள்ளை ஏறக்குறைய முழு தூரமும் வந்துவிட்டது. நூறிலிருந்து எடுத்ததைப் பத்துகளுக்குக் கொண்டுவந்தால் அங்கே பத்து ஆகும் என்பது அதற்குத் தெரிந்திருக்கிறது. அந்தப் பத்திலிருந்து ஒன்றை ஒன்றுகளுக்குக் கொடுத்த பிறகு மீதி ஒன்பதுதான் என்பதை மட்டும் விட்டுவிட்டது. பத்தில் இரண்டு போக எட்டு என்று எழுதியிருக்கிறது.

மூவருக்கும் ஒரே மருந்தாக இன்னும் இருபது கணக்குகளைக் கொடுத்தால் என்ன ஆகும்? முதல் பிள்ளை தன் விதியை மேலும் இருபது முறை பயின்று உறுதிப்படுத்திக்கொள்ளும். மூன்றாவது பிள்ளை, நடுவில் பூச்சியம் வராத கணக்குகளையெல்லாம் சரியாகச் செய்துவிட்டு, தேறிவிட்டது என்ற பெயரோடு வெளியே போகும். 1978இல் ஜான் சீலி பிரவுன், ரிச்சர்ட் பர்ட்டன் என்ற இரு ஆய்வாளர்கள் பள்ளிப் பிள்ளைகளின் கழித்தல் விடைகளை ஆராய்ந்து, கவனக்குறைவு என்று நாம் ஒதுக்கிவிடும் பல தவறுகள் உண்மையில் ஒரு பிழையான விதியைப் பிள்ளை ஒழுங்காகப் பின்பற்றுவதால் வருபவை என்றும், அந்த விதியைக் கண்டுபிடித்துவிட்டால் அடுத்த கணக்கில் பிள்ளை என்ன தவறு செய்யும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்றும் காட்டினார்கள். மேலே சொன்னவற்றைப் போன்ற தவறுகள் அவர்கள் பதிவு செய்தவற்றிலும் உள்ளன. எங்கோ எப்போதோ எடுத்த ஆய்வின் முடிவு மயிலத்து வகுப்பறையில் அப்படியே வந்து உட்கார்ந்திருப்பதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. கடன் வாங்கிக் கழிக்கும் எழுத்து முறை அங்கேயும் இங்கேயும் ஒன்றுதான். அது வழுக்கும் இடங்களும் ஒன்றுதான்.

சரியான விடைக்குள் இருந்த சிக்கல்

தவறான விடைகளை விட என்னை அதிகம் யோசிக்க வைத்தவை சில சரியான விடைகள். முதல் பருவத்தில் 52 − 27 போன்ற கணக்குகளைத் தவறாமல் செய்து பட்டியலின் மேல்பகுதியில் நின்ற சிலர், 305 − 128க்கு எதையும் எழுதாமல் தாளைத் திருப்பிக் கொடுத்தார்கள். வெள்ளத்துக்குத் தப்பிய பழைய நோட்டுகளை வாங்கிப் பின்பக்கங்களைப் புரட்டியபோது காரணம் தெரிந்தது. பக்கத்தின் ஓரத்தில் பொடிப்பொடியாக ஐம்பத்திரண்டு கோடுகள் போட்டு, அவற்றில் இருபத்தேழை அடித்துவிட்டு, மீதியை எண்ணி 25 என்று எழுதியிருக்கிறார்கள். விடை சரி. உழைப்பும் மெச்சத்தக்கது. ஆனால் பத்து என்ற கட்டு அந்தப் பிள்ளையின் மனத்தில் எங்கும் உருவாகவில்லை; எல்லாமே ஒன்று ஒன்றாகத்தான் இருக்கிறது. முந்நூற்று ஐந்து கோடுகள் போட முடியாது என்று தெரிந்த இடத்தில் அது நின்றுவிட்டது. இவர்களிடம் எண்களைச் சொல்லி எழுதச் சொன்னபோது முந்நூற்று ஐந்தை 3005 என்று எழுதியவர்களும் இருந்தார்கள். கோடு போட்டு எண்ணும் பிள்ளை இரண்டாம் வகுப்பில் கெட்டிக்காரப் பிள்ளை. நான்காம் வகுப்பில் திடீரென்று ‘படிப்பு ஏறாத’ பிள்ளை. இடையில் அதற்கு எதுவும் ஆகிவிடவில்லை, எண்கள்தான் பெரிதாகியிருக்கின்றன.

கடைக் கணக்கு

இதற்கு நேர்மாறான ஒரு நிகழ்வும் உண்டு. நான்காம் வகுப்பில் ஒரு பையன். மாலையில் பேருந்து நிறுத்தத்தில் அவித்த மல்லாட்டை (வேர்க்கடலை) விற்கும் பாட்டியோடு இருப்பவன். அவன் தாளில் 223 வகைத் தவறுதான் இருந்தது. 50 − 27ஐ எழுதச் சொன்னபோதும் 37 என்று எழுதினான். அதே எண்களை வைத்து, இருபத்தேழு ரூபாய்க்கு வாங்கியவர் ஐம்பது ரூபாய்த் தாள் கொடுத்தால் மீதி எவ்வளவு கொடுப்பாய் என்று கேட்டேன். சிறிதும் தயங்காமல், “முப்பதுக்கு மூணு, அப்புறம் அம்பதுக்கு இருபது, இருபத்திமூணு ரூபா குடுக்கணும் டீச்சர்” என்றான். தாளில் எழுதியிருந்த 37ஐக் காட்டி, எது சரி என்று கேட்டதற்கு அவன் சொன்னது: “அது கடைக் கணக்கு, இது நோட்டுக் கணக்கு.” இரண்டு விடைகளும் ஒன்றாக இருக்க வேண்டிய அவசியம் இருப்பதாக அவனுக்குத் தோன்றவேயில்லை.

பிரேசிலின் ரெசிஃபி நகரத் தெருக்களில் வியாபாரம் செய்யும் சிறுவர் ஐந்து பேரைப் பற்றி 1985இல் வெளியான ஆய்வு இதே நிலையைப் பதிவு செய்கிறது. விற்பனையின்போது கேட்ட கணக்குகளில் 98 விழுக்காட்டுக்கு மேல் சரியாகச் சொன்ன அவர்கள், அதே எண்களைத் தாளில் வெறுங்கணக்காகக் கொடுத்தபோது ஏறத்தாழ 37 விழுக்காட்டையே சரியாகச் செய்தார்கள். தெருவில் அவர்கள் பயன்படுத்தியது பள்ளி கற்றுத் தந்த முறை இல்லை. எண்களை வசதியான துண்டுகளாகப் பிரித்தும் ஏறுமுகமாக எண்ணியும் விடைக்கு வந்தார்கள். பாட்டியின் கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பையன் செய்ததும் அதுதான். ஆக, கழித்தல் தெரியாத பிள்ளை என்று செயலியில் பதிவான ஒருவன் உண்மையில் கழித்தல் தெரிந்தவன்; அவனுக்குத் தெரிந்த கழித்தலுக்கு வகுப்பறையில் இடம் இல்லாமல் இருந்தது.

மூன்றாம் பருவத்தில் செய்தது

அந்தப் பையனின் வழியிலிருந்தே தொடங்கினோம். தாளில் ஒரு கோடு கிழித்து, இடது முனையில் 128, வலது முனையில் 305. முதலில் 130க்கு ஒரு தாவல், அது 2. அங்கிருந்து 200க்கு 70. அங்கிருந்து 300க்கு 100. கடைசியில் 305க்கு 5. தாவல்களைக் கூட்டினால் 177. அளவு குறிக்காத இந்த வெற்று எண்கோட்டில் கடன் என்ற பேச்சே எழுவதில்லை. நடுவில் வரும் பூச்சியம் தொல்லை தருவதும் இல்லை. கோடு போட்டு எண்ணும் பிள்ளைகளுக்கு இது பெரிய உதவியாக இருந்தது, ஏனென்றால் பத்து பத்தாகவும் நூறு நூறாகவும் தாவுவதில் அவர்களுக்கே ஓர் ஆதாயம் தெரிந்தது. தேர்வில் படிகளைப் போட்டுத்தானே காட்ட வேண்டும் என்று பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்தில் ஓர் ஆசிரியர் நியாயமாகவே கேட்டார். எழுத்து முறையை விட்டுவிட வேண்டும் என்பது என் கருத்து இல்லை. பிள்ளை தன் விடையைச் சரிபார்க்கக் கையில் வேறொரு வழியை வைத்துக்கொண்டு எழுத்து முறைக்குள் நுழைய வேண்டும் என்பதே. 223 என்று எழுதிய பிள்ளையிடம் 128லிருந்து 223 தாவினால் எங்கே போய் நிற்பாய் என்று கேட்டால், விடை தவறு என்று ஆசிரியர் சொல்ல வேண்டிய தேவையே இல்லாமல் போகிறது.

எழுத்து முறைக்கு ஈர்க்குச்சிக் கட்டுகளைப் பயன்படுத்தினோம். ஈர்க்குச்சி புதிய உத்தி ஒன்றும் இல்லை; முதல் வகுப்பில் எல்லாரும் பார்த்ததுதான். பத்துக் குச்சிக்கு மேல் போகாமல் அதை முதல் வகுப்போடு மூட்டை கட்டி வைத்துவிடுவதுதான் வழக்கம். நாங்கள் பத்துப் பத்துக் கட்டுகளைச் சேர்த்துப் பெரிய ரப்பர் பேண்டு போட்டு நூறாக்கி, அப்படிச் சில நூறுகளைப் பிள்ளைகளைக் கொண்டே கட்டி முடித்தோம். இதற்குப் பிடித்த நேரம் அதிகம். ரப்பர் பேண்டுகள் அறுந்துகொண்டே இருந்தன. கடைசியில் வாழைநாருக்கு மாறினோம்.

அந்த உழைப்பு எதற்கு என்பது ஒரு மாணவியின் மேசையில் தெரிந்தது. 187 என்று எழுதியவள் அவள். மூன்று நூறுகளும் ஐந்து உதிரிக் குச்சிகளும் எதிரே இருந்தன. எட்டை எடுக்க ஐந்து போதாது. உதிரிகள் வேண்டும், பத்துக் கட்டு ஒன்றும் இல்லை. ஒரு நூறை அவிழ்த்தாள். பத்துச் சிறிய கட்டுகள் விழுந்தன. அவற்றில் ஒன்றை எடுத்து அதையும் அவிழ்த்து உதிரிகளோடு சேர்த்தாள். பதினைந்திலிருந்து எட்டை ஒதுக்கினாள். பிறகு பத்துகளிலிருந்து இரண்டை எடுக்கப் போனவள், மேசையில் கிடந்த சிறிய கட்டுகளை ஒருமுறை எண்ணிப் பார்த்துவிட்டு, “ஒம்போதுதான் இருக்கு டீச்சர், பத்து இல்ல” என்றாள். நோட்டில் பூச்சியத்துக்கு மேல் எப்போதும் எழுதும் பத்தை அடித்து, அதற்கு மேலே 9 என்று எழுதினாள். கரும்பலகையில் அந்த ஒன்பதை எத்தனையோ தடவை எழுதிக் காட்டியிருக்கிறோம். அது எங்கிருந்து வருகிறது என்பது கட்டை அவிழ்த்தவளுக்குத்தான் தெரிந்தது.

ஏப்ரலில் அதே வகைக் கணக்குகளை மீண்டும் கொடுத்துப் பார்த்ததில், 187 வகைத் தவறு கிட்டத்தட்ட மறைந்திருந்தது. 127 வகை குறைந்திருந்தது. 223 வகை சிலரிடம் பிடிவாதமாக நின்றது. இந்தச் சிலரில் பாதிப் பேருக்குக் கணக்கை ஒரே வரியில் கொடுக்கும்போது இலக்கங்களை இடம் பார்த்து ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதுவதே வரவில்லை. 63 − 7இல் ஏழை ஆறுக்குக் கீழே எழுதினார்கள். அவர்களுடைய சிக்கல் கழித்தலுக்கு முன்பே தொடங்குகிறது. சூளைக்குப் போய்விட்ட குடும்பங்களின் பிள்ளைகள் இந்தக் கணிப்பில் இல்லவே இல்லை என்பதையும் சேர்த்தே இந்த முடிவைப் படிக்க வேண்டும்.

வாக்கியக் கணக்குகளில் வேறொரு தடையைப் பார்த்தோம். “மீனாவிடம் 35 புளியங்கொட்டைகள் உள்ளன. அது ரவியிடம் உள்ளதைவிட 12 குறைவு. ரவியிடம் உள்ளவை எத்தனை?” என்ற கணக்குக்கு, நன்றாகக் கழிக்கத் தெரிந்த பிள்ளைகள் கூட 23 என்று எழுதினார்கள். ‘குறைவு’ என்று வந்தால் கழித்தல், ‘மொத்தம்’ என்று வந்தால் கூட்டல் என்று சொல்லைப் பிடித்துக் கணக்கு போடப் பழக்கிவிட்டதன் விளைவு இது. யாரிடம் அதிகம் என்று முதலில் கேட்டு, இரண்டு பட்டைகள் வரைந்து, எது நீளம் என்று குறித்த பிறகே எண்களைத் தொட வேண்டும் என்று வைத்துக்கொண்டதில் ஓரளவு பலன் கிடைத்தது. ஆனால் இது தனியாக எழுத வேண்டிய விஷயம்.

வரும் ஆண்டுக்கான ஏற்பாடுகள்

முதல் மாற்றம் பதிவேட்டில். செயலிக்குத் தேவையான மதிப்பெண்கள் வழக்கம்போலப் போகும். அதோடு, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கம் ஒதுக்கிய நோட்டு ஒன்று என் மேசையில் இருக்கும். அதில் மதிப்பெண் இருக்காது, பிள்ளை எழுதிய தவறான விடையும் அது எப்படி வந்தது என்ற ஒரு வரியும் மட்டும் இருக்கும். இதை எல்லாப் பாடத்துக்கும் எல்லா வாரமும் செய்ய முடியாது என்பது தெரிந்ததே. எனவே பருவத்துக்கு ஒரு தடவை, இடமதிப்புக்கும் கழித்தலுக்கும் மட்டும் என்று அளவோடு வைத்துக்கொள்கிறேன். செய்யக்கூடிய அளவில் தொடங்காத எந்தப் பதிவேடும் ஆகஸ்டு மாதத்தைத் தாண்டியதில்லை.

கண்டறியும் தாளில் கணக்குகள் குறைவாக இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு காரணத்துக்காக இருக்கும். 68 − 45 சரியாக வந்து 52 − 27 தவறாக வந்தால் சிக்கல் கடன் வாங்குவதில் இருக்கிறது. 63 − 7ஐ ஒரே வரியில் கொடுத்தால் இலக்கங்களை இடம் பார்த்து எழுதத் தெரிகிறதா என்பது தெரியும். 80 − 36இல் 56 என்று வந்தால் பிள்ளை பூச்சியத்தில் இடறுகிறதா, அல்லது எல்லா இடத்திலும் பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்கிறதா என்று 52 − 27இன் விடையோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அங்கே 25 என்று சரியாக எழுதிவிட்டு இங்கே மட்டும் தவறியிருந்தால் பூச்சியம்தான் காரணம். 305 − 128இன் பயனை முன்பே சொன்னேன். கடைசியில், சொல்லக் கேட்டு எழுத முந்நூற்று ஐந்து, எழுநூற்று நாற்பது, ஆயிரத்து ஒன்பது போன்ற எண்கள். செய்முறைக்கு வெற்றிடமும், அழிக்கக் கூடாது என்ற நிபந்தனையும் தொடரும்.

குழு பிரிப்பது அடுத்தது. நிலை வாரியான குழுக்கள் பயிற்சி நூலுக்குத் தேவை என்பதால் அவை இருக்கும். வாரத்தில் இரண்டு நாள் மட்டும், நான்காம் வகுப்பா ஐந்தாம் வகுப்பா என்று பார்க்காமல், ஒரே வகைத் தவறு செய்பவர்கள் ஒரு பாயில் உட்காருவார்கள். கட்டுகளை அவிழ்க்க வேண்டியவர்கள் ஈர்க்குச்சிகளோடும், கோடு போட்டு எண்ணுபவர்கள் எண்கோட்டோடும் இருப்பார்கள். இந்தக் குழுக்களுக்குப் பெயர் எதுவும் வைக்கப் போவதில்லை. பெயர் வைத்தால் அது பிள்ளையின் மேல் ஒட்டிக்கொள்ளும், குழு கலைந்த பிறகும் போகாது. இதை எண்ணும் எழுத்தும் திட்டத்தின் வேலை நேரத்துக்குள்ளேயே செய்ய முடியும் என்பதை ஆசிரியர் பயிற்றுநர் வந்து பார்த்து ஒப்புக்கொண்டார்.

கழித்தலைத் தொடங்கும் வரிசையும் மாறுகிறது. ஏறுமுகமாக எண்ணி மீதி சொல்லும் கடைக் கணக்கு முதலில். அதற்குப் பொம்மை ரூபாய்த் தாள்களும் எண்கோடும். அதன் பிறகு கட்டுகள். எழுத்து முறை கடைசியில். தலைமையாசிரியரோடு பேசி, இரண்டாம், மூன்றாம் வகுப்புகளிலும் இதே வரிசையைக் கடைப்பிடிக்க முடிவு செய்திருக்கிறோம். கோடு போட்டு எண்ணும் பழக்கம் வேர் விடுவது அங்கேதான் என்பதால், நான்காம் வகுப்பில் மட்டும் மாற்றம் செய்வது பாதி வேலைதான். இலக்கங்களைக் குறித்துச் சொல்லும்போது ‘பெரிய எண்ணிலிருந்துதான் கழிக்க முடியும்’ என்ற வாக்கியத்தை இருவருமே கைவிடுகிறோம்.

திருத்தத்தில் தவறான விடைக்குச் சிவப்பு மையில் பெருக்கல் குறி போடுவதற்குப் பதிலாக, பக்கத்தில் ஒரு கேள்வி எழுதப்படும்: “128லிருந்து 223 தாவினால் எங்கே போவாய்?” முப்பது நோட்டுக்கும் தினமும் இப்படி எழுத முடியாது. நாளுக்கு ஐந்து நோட்டுகள் என்றால் முடியும். மற்றவற்றைப் பிள்ளைகள் எண்கோட்டைக் கொண்டு ஒருவருக்கொருவர் சரிபார்த்துக்கொள்ளட்டும்.

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் மதிப்பெண் படிப்பதை விட, பிள்ளையின் தாளையே பெற்றோரிடம் காட்டுவது பயன் தருகிறது என்பதை மார்ச்சு மாதக் கூட்டத்தில் பார்த்தேன். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு தாய், தன் மகன் ஓரத்தில் போட்டிருந்த கோடுகளைப் பார்த்துவிட்டு, களத்தில் மூட்டை எண்ணும்போது தாங்கள் பத்துக்கு ஒரு கல் வைப்பதைச் சொல்லி, இவன் ஏன் ஒவ்வொன்றாக எண்ணுகிறான் என்று கேட்டார். சிக்கலை அதைவிடத் துல்லியமாக எந்தப் பயிற்சிக் கையேடும் எனக்குச் சொல்லவில்லை. வரும் ஆண்டில் பருவத்துக்கு ஒரு கூட்டத்தில் தாள்கள் மேசையில் விரிக்கப்படும்.

சூளையிலிருந்து திரும்பும் பிள்ளைகளுக்கான ஏற்பாடுதான் இன்னும் முழுமையாக உருவாகவில்லை. அவர்கள் எல்லாரும் ஒரே நாளில் திரும்புவதில்லை. ஜூன் தொடங்கி ஆகஸ்டு வரை ஒவ்வொரு குடும்பமாக வருகிறது. வந்த அன்றே கண்டறியும் தாளைக் கொடுப்பது சரியாக இருக்காது. ஒரு வாரம் வகுப்பில் உட்கார்ந்து பழகிய பிறகு, வாய்மொழியாகவே பணக் கணக்குகளில் தொடங்கலாம் என்று நினைக்கிறேன். சூளையில் செங்கல்லை ஆயிரக் கணக்கில் அடுக்குவதையும், அதற்குக் கூலி கணக்கிடுவதையும் பார்த்து வளரும் பிள்ளைகள் அவர்கள். பெரிய எண்கள் அவர்களுக்குப் புதியவை அல்ல, அவற்றை எழுதுவதுதான் புதிது. அவர்களுக்கென்று தனியாக ஒரு தொடக்கப் பக்கம் பதிவேட்டில் இருக்கும்.

ஐந்தாம் வகுப்பு முடித்தவர்கள் பக்கத்து ஊர் நடுநிலைப் பள்ளிக்குப் போகிறார்கள். அவர்களுடைய ஏப்ரல் மாதத் தாள்களை ஓர் உறையில் போட்டு, அந்தப் பள்ளியின் கணித ஆசிரியரிடம் ஜூன் முதல் வாரத்தில் கொடுப்பதாகப் பேசியாயிற்று. ஆறாம் வகுப்பில் முழுக்களும் இயற்கணிதமும் தொடங்கும் முன்பு, 223 வகைத் தவறு இன்னும் நீங்காத பிள்ளைகளை முதல் இரண்டு வாரம் எண்கோட்டோடு வைத்துக்கொள்ள அவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். தாள்களின் நகலை அவர் தமது பள்ளியிலேயே வைத்திருப்பார். செப்டம்பரில் அதே கணக்குகளை அங்கே மீண்டும் கொடுத்து, விடைகளை எங்களுக்கு அனுப்புவார்.